மிளகு தூவிய தேன்பால் முட்டை: ரோமானியரின் டிரோபாட்டினாவை நம் வீட்டு அடுப்பில் செய்யும் முறை

பழைய சமையல் ஏடுகளைப் பார்த்துச் சமைக்க முற்படுகிறவரை முதலில் சோர்வடையச் செய்வது அளவுகள் இல்லாமைதான். அப்பீசியஸ் என்ற பெயரில் வழங்கும் லத்தீன் சமையல் தொகுப்பில் நானூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மிளகு, தேன், காடி, மீன்சாறு என்று பொருள்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. எழுதியவரும் படித்தவரும் அடுக்களையிலேயே வாழ்ந்தவர்கள் என்பதால் மீதியைக் கையே அறிந்திருந்தது. அத்தொகுப்பின் ஏழாம் பகுதியில், வீட்டு இனிப்புகள் என்ற தலைப்பின் கீழ் வரும் டிரோபாட்டினா இதற்கு விலக்காக நிற்கிறது. பாலுக்கு எத்தனை முட்டை என்பதை அது எண்ணிச் சொல்லுகிறது. வரலாற்றுச் சமையலில் முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

அத்தொகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திபேரியஸ் பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டில், மார்க்கஸ் கேவியஸ் அப்பீசியஸ் என்ற பெருஞ்செல்வர் ஒருவர் ரோமில் வாழ்ந்தார். சாப்பாட்டுக்காகவே சொத்தைக் கரைத்தவர் என்று பெயரெடுத்தவர். கையிருப்பு ஒரு கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோமானிய நாணயமாகக் குறைந்துவிட்டதை அறிந்ததும், இனிப் பட்டினிதான் என்று அஞ்சி நஞ்சுண்டு இறந்தார் என்று ரோமானியத் தத்துவஞானி செனக்கா எழுதியிருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் தொகுப்பு அவர் கையால் எழுதப்பட்டதன்று. அது பல தலைமுறைச் சமையற்காரர்களின் குறிப்புகள் சேர்ந்து, அவருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து உருவானது. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இரண்டு கையெழுத்துப் படிகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று வத்திக்கானிலும் மற்றொன்று நியூயார்க்கிலும் உள்ளன.

இனி அந்தக் குறிப்பு. கூடியவரை சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வரும்: பாத்திரத்தின் அளவைப் பார்த்துப் பாலை எடுத்துக்கொள், பால் பண்டங்களுக்குக் கலப்பது போல அதில் தேன் கல, ஒரு செக்ஸ்டாரியஸ் பாலுக்கு ஐந்து முட்டை, ஒரு ஹெமினாவுக்கு மூன்று முட்டை இடு, ஒரே உடலாகும்படி பாலில் கரை, குமானாவில் வடித்து மெல்லிய தீயில் வேகவை, அது தன்னைத் தன்னிடம் இழுத்துக்கொண்டதும் மிளகு தூவிப் பரிமாறு.

சமைக்க வேண்டியவை அனைத்தும் இந்தச் சில வரிகளில் இருக்கின்றன. ஏலக்காய் இல்லை, வெண்ணிலா இல்லை, சர்க்கரை இல்லை, உப்புக்கூட இல்லை. ரோமானியர் சர்க்கரையை மருந்துப் பொருளாகவே அறிந்திருந்தார்கள். அவர்களுடைய சமையலில் இனிப்பு என்றால் தேன், அல்லது சுண்டக் காய்ச்சிய திராட்சைச்சாறு. பெயரில் உள்ள 'டிரோ' என்பது பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் கட்டி எதுவும் இதில் சேர்வதில்லை; உறைந்து நிற்கும் வெள்ளைத் தோற்றத்தைப் பார்த்து அப்படி அழைத்திருக்கக்கூடும். பாட்டினா என்பது அகலமான, ஆழம் குறைந்த பாத்திரம். அதில் செய்யும் பண்டத்துக்கும் அதுவே பெயராயிற்று.

முதல் சிக்கல் அளவில் இருக்கிறது. செக்ஸ்டாரியஸ் என்பது ஏறத்தாழ 546 மில்லி. ஹெமினா அதில் சரிபாதி, 273 மில்லி. அரைப்பங்குக்கு மூன்று முட்டை என்றால் முழுப்பங்குக்கு ஆறு வர வேண்டும், ஆனால் ஏடு ஐந்து என்கிறது. இதை எழுத்துப்பிழை என்று சொல்லிவிடலாம். இரண்டு அளவிலும் பலமுறை செய்து பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டரை முட்டையை யார் உடைப்பார்கள்? முட்டையைப் பாதியாக்க முடியாத சமையற்காரர் மேல்பக்கமாக முழுமைப்படுத்திக்கொண்டார் என்பதே இயல்பான விளக்கம். விளைவில் சிறு வேறுபாடு உண்டு: மூன்று முட்டை அளவில் செய்தது கத்தியால் வெட்டினால் விளிம்பு நிற்கும் அளவுக்கு இறுகும், ஐந்து முட்டை அளவில் செய்தது கரண்டியில் தளதளவென்று ஆடும். முதல்முறை செய்கிறவர்கள் மூன்று முட்டை அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சற்றே கூடுதலான முட்டை, தீயின் அளவில் நேரும் தவறுகளை ஓரளவு மறைத்துவிடும். நான்கு பேருக்கு அது போதுமானது.

முட்டையின் பருமனையும் கவனிக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து வரும் பண்ணை முட்டை ஒன்று ஓடு நீக்கி 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். நாட்டுக்கோழி முட்டை அதைவிடக் கணிசமாகச் சிறியது. நாட்டுக்கோழி முட்டையைப் பயன்படுத்தினால் 273 மில்லிக்கு மூன்று போதாமல் போகலாம், நான்காகக் கொள்வது பாதுகாப்பானது. எதுவாயினும் புதிய முட்டையாக இருக்கட்டும். முட்டையில் செய்த இனிப்பு என்றாலே கவிச்சி அடிக்குமே என்று தயங்குகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கவிச்சி பெரும்பாலும் பழைய முட்டையாலும், மிகையாக வெந்துவிடுவதாலும் வருவதுதான். இரண்டையும் தவிர்த்தால் பாலும் தேனும் மட்டுமே மணக்கும்.

பாலைப் பொறுத்தவரை, மத்தியதரைக் கடல் பகுதியில் ஆட்டுப்பாலும் செம்மறிப் பாலும் மிகுதியாகப் புழங்கின. பசு பெரும்பாலும் உழவுக்கும் வண்டிக்கும் காளை ஈனும் விலங்காகவே கருதப்பட்டது. பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் இருந்து ஆட்டுப்பால் கிடைத்தால் ஒருமுறை அதில் செய்து பாருங்கள், இறுகிய பண்டம் இன்னும் மென்மையாகவும் வெண்மையாகவும் வரும். கிடைக்காவிட்டால் 4.5 விழுக்காடு கொழுப்புள்ள பாக்கெட் பால் நன்றாகவே பொருந்தும். கொழுப்பு நீக்கிய பாலில் செய்தால் சப்பென்று இருக்கும். பாலில் தண்ணீர் சேர்க்கும் வழக்கத்தை இங்கே முற்றிலும் மறந்துவிட வேண்டும்.

தேன் எவ்வளவு என்பதை ஏடு சொல்லவில்லை. பால் பண்டங்களுக்குக் கலப்பது போல என்று மட்டும் விட்டுவிட்டது. 273 மில்லி பாலுக்கு 60 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி தட்டி எடுத்த அளவு, நம் நாக்குக்கு மிதமான இனிப்பாக இருக்கும். பாயசத்தின் இனிப்பை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள், ஆனால் தேனைக் கூட்டிக்கொண்டே போனால் மிளகின் வேலை கெட்டுவிடும். ரோமானியர் உயர்வாகப் பேசியது ஏதென்ஸ் அருகே உள்ள ஹிமெட்டஸ் மலைத் தேனையும் சிசிலியின் ஹிப்ளாத் தேனையும். இரண்டும் தைம் என்னும் நறுமணச் செடியின் பூவிலிருந்து கிடைத்தவை. நமக்கு வெளிர்நிறப் பெட்டித்தேன் ஏற்றது. கருத்த மலைத்தேன் தனியே நக்கிச் சாப்பிட அருமையானது என்றாலும், பாலில் கலந்தால் தன் கசப்பையும் மணத்தையும் எல்லாவற்றின் மேலும் ஏற்றிவிடுகிறது.

கடைசியாக மிளகு. இந்தப் பண்டத்தில் நம் கரைக்கு உரிய பொருள் இது ஒன்றுதான். அகநானூற்றின் 149ஆம் பாட்டு, யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் ஊராக முசிறியைக் காட்டுகிறது. அங்கே கறி என்பது மிளகு. எகிப்தின் செங்கடல் கரையில் இருந்த பெரனிகே துறையில், ஒரு கோவிலின் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியிலிருந்து ஏறத்தாழ ஏழரை கிலோ கருமிளகைத் தொல்லியலாளர்கள் எடுத்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் விலைப்பட்டியலில் ஒரு ரோமன் பவுண்டு கருமிளகு 4 தினாரி (ரோமானிய வெள்ளி நாணயம்), வெண்மிளகு 7, திப்பிலி 15. ஆக, தேன்பால் முட்டையின் மேல் விழுந்த அந்தத் தூவல் அலங்காரமன்று. விருந்தினர் கண் முன்னே கடல் கடந்து வந்த பொருளைத் தூவிக் காட்டுவது. அடுக்களையில் டப்பா நிறைய மிளகு வைத்திருக்கும் நமக்கு அந்தப் பெருமிதம் புரியாமல் போகலாம், ஆனால் சுவை புரிந்துவிடும். பொடியாக விற்பதை வாங்க வேண்டாம். அரைத் தேக்கரண்டி முழு மிளகை எடுத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் அம்மியிலோ சிறு உரலிலோ இட்டு ஒன்றிரண்டாக நுணுக்குங்கள்.

அடுத்தது பாத்திரமும் தீயும். ஏட்டில் வரும் குமானா என்பது நேப்பிள்ஸ் அருகே உள்ள குமாய் ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட மண்பாத்திரம். பொம்பெயி நகரின் இடிபாடுகளில் காண்பது போல, ரோமானிய அடுக்களையில் இடுப்பளவு உயரமான கல் மேடையின் மேல் கரி நெருப்பைப் பரப்பி, மேலே இரும்பு முக்காலி வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றுவார்கள். கரியை விலக்கினால் தீ தணியும், குவித்தால் ஏறும். அந்த மெல்லிய சூட்டை எரிவாயு அடுப்பில் நேரடியாகப் பெற முயல்வது வீண். நான் முதல்முறை செய்தபோது, உள்ளதை உள்ளபடியே செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தில் மண்சட்டியை நேரே சிறுதீயில் வைத்தேன். பத்து நிமிடத்தில் அடியில் முட்டைப்பொரியலும் மேலே பச்சைப்பாலும் நடுவே திரிந்த தண்ணீருமாக நின்றது. பழக்காத சட்டி என்பதால் பக்கவாட்டில் ஒரு கீறலும் விழுந்தது. அன்றோடு நேரடித் தீயை விட்டுவிட்டு இட்லிப் பானைக்கு மாறினேன். ஏடு கேட்பது மெல்லிய சூடு. அதை நீராவியில் கொடுப்பதால் பண்டத்தின் இயல்பு மாறிவிடாது என்பது என் எண்ணம். வட்டலாப்பம் செய்து பழகியவர்களுக்கு இந்த முறை முன்பே கைவந்ததாக இருக்கும்.

வாய் அகன்ற, 15 செ.மீ. விட்டமுள்ள மண்சட்டி ஒன்று போதும். இல்லையென்றால் எவர்சில்வர் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ இருக்கட்டும். சட்டி புதியது என்றால் அரிசி களைந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அந்த நீரையே ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள். மீன்குழம்பு வைத்த சட்டியை இதற்கு எடுக்கவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் மண் தன் நினைவை விடாது.

செய்முறைக்கு வருவோம். பாலை ஒருமுறை காய்ச்சி, ஆடையை எடுத்துவிட்டு, விரல் வைத்தால் இதமாகச் சுடும் அளவுக்கு ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில்தான் தேனைச் சேர்க்க வேண்டும். தேனுக்கு இயல்பிலேயே புளிப்புத்தன்மை உண்டு என்பதால், கொதிக்கும் பாலில் ஊற்றினால் சில வேளைகளில் பால் திரிந்துவிடும். முற்றும் ஆறிய பாலிலோ தேன் அடியில் தங்கிவிடும். கரைந்ததும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் கொஞ்சம் தூக்கலான இனிப்பாகத் தெரிந்தால் அதுவே சரி, முட்டை சேர்ந்தபின் அது அடங்கிவிடும்.

மூன்று முட்டையையும் தனித்தனியே ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே ஒன்றுசேருங்கள். இனி அடிப்பது. இதில்தான் பழகிய கையும் தவறுகிறது. ஆம்லெட்டுக்கு அடிப்பது போல நுரை பொங்க அடித்தால், அந்தக் காற்றெல்லாம் வேகும்போது குமிழிகளாக மேலேறி, வெந்த பண்டத்தைத் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஆக்கிவிடும். முள்கரண்டியைக் கிண்ணத்தின் அடியிலிருந்து தூக்காமல், வெள்ளைக்கரு இழைகள் அறுபடும்படி பக்கவாட்டில் ஆட்டிக் கலக்குங்கள். 'ஒரே உடலாகும்படி' என்ற ஏட்டுச் சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இது: கரண்டியைத் தூக்கினால் வெள்ளைக்கரு கயிறு போலத் தொங்கக் கூடாது, கலவை தண்ணீராக வழிய வேண்டும். பிறகு தேன்பாலை முட்டையில் சிறிது சிறிதாக ஊற்றியபடி கலக்குங்கள். பால் சுடச்சுட இருந்தால் முட்டை ஆங்காங்கே வெந்து திரித்திரியாகிவிடும், ஆகவே இதமான சூடு என்று மேலே சொன்னதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

வடிகட்டுவதைத் தேவையற்ற வேலை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். ஆனால் இவ்வளவு சுருங்கப் பேசும் ஏடு வடிகட்டச் சொல்லி ஒரு சொல்லைச் செலவழித்திருக்கிறது. கரையாமல் நிற்கும் வெள்ளைக்கரு முடிச்சுகளும், மஞ்சள்கருவைக் கட்டி நிறுத்தும் முறுக்கிய நாண்களும், கவனிக்காமல் விழுந்த ஓட்டுத் துணுக்கும் சல்லடையிலேயே தங்கிவிடும். கண் நெருக்கமான டீ வடிகட்டி போதுமானது. நேரே சட்டிக்குள் வடித்து, மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிடுங்கள்.

இட்லிப் பானையில் மூன்று விரற்கடை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆவி வந்தவுடன் தீயை நன்றாகத் தணித்துவிட்டுச் சட்டியை உள்ளே வையுங்கள். பானையின் மூடியை ஒரு பருத்தித் துணியால் சுற்றிக்கட்டி மூடுங்கள். துணியின் தொங்கும் நுனிகளை மேலே முடிந்துவிட வேண்டும், தீயின் பக்கம் அவை போகவே கூடாது. மூடியில் சேரும் நீர்த்துளிகள் பண்டத்தின் மேல் சொட்டிக் குழிகள் விழாமல் அந்தத் துணி காக்கும். மூடியை ஒரு தீக்குச்சி பருமனுக்குச் சாய்த்து வைத்தால் உள்ளே சூடு எல்லை மீறாது. முட்டையும் பாலும் தேனும் சேர்ந்த இந்தக் கலவை 80 பாகை செல்சியஸை ஒட்டி உறையத் தொடங்கும். 85ஐத் தாண்டிப் போகப் போக முட்டையின் புரதம் இறுகிச் சுருங்கி, தான் பிடித்து வைத்திருந்த நீரை வெளியே பிழிந்துவிடும். நன்கு ஆவி பறக்கும் பானைக்குள் 100 பாகை இருக்கும் என்பதை நினைத்தால், தீயைத் தணிக்கச் சொல்வதன் காரணம் விளங்கும். எவர்சில்வர் கிண்ணம் என்றால் 18 நிமிடம் முதலும், மண்சட்டி என்றால் 25 நிமிடம் முதலும் திறந்து பார்க்கத் தொடங்கலாம். ஓவன் அடுப்பு வைத்திருப்பவர்கள் சட்டியைச் சுடுநீர்த் தட்டில் இருத்தி 150 பாகையில் 35 முதல் 40 நிமிடம் வைக்கலாம்.

வெந்துவிட்டதா என்று எப்படி அறிவது? கத்தியைக் குத்திப் பார்ப்பது ஒரு வழி, ஆனால் ஏட்டின் வழி அதைவிட நல்லது. 'தன்னைத் தன்னிடம் இழுத்துக்கொண்டதும்' என்று அது சொல்வதன் பொருளைச் சட்டியை இலேசாகத் தட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். வேகாத நிலையில் தட்டினால் நடுவிலிருந்து அலை புறப்பட்டு விளிம்பில் மோதும். வெந்து வரும்போது விளிம்பு முதலில் அசைவற்றுப் போகும். பிறகு சட்டியின் சுவரிலிருந்து ஒரு மயிரிழை விலகி, முழுப்பரப்பும் ஒன்றாகச் சேர்ந்து நடுங்கும். சீம்பால் காய்ச்சி இறக்கும்போது தெரியும் அதே நடுக்கம். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் இன்னும் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். சட்டியின் சூட்டில் அது தானாக இறுகிவிடும். மண்சட்டியில் இந்த மிச்சச் சூடு அதிகம் என்பதால் இன்னும் சற்று முன்னதாகவே இறக்க வேண்டும்.

கால் மணி நேரம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது நுணுக்கிய மிளகைத் தூவுங்கள். கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போதே தூவினால் மிளகு ஈரத்தில் ஊறிக் காரம் மட்டும் நிற்கும், மணம் போய்விடும். முதல் வாயில் தேன்பாலின் மென்மை மட்டும் தெரியும். விழுங்கிய பிறகுதான் தொண்டையில் மிளகு மெல்ல ஏறும். பானகத்தில் மிளகு சேர்த்துக் குடித்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகப் படாது. என் வீட்டில் முதலில் முகம் சுளித்தவர்கள் மூன்றாம் கரண்டிக்குப் பின் மிளகைக் கூடுதலாகக் கேட்டார்கள். கைவசம் திப்பிலி இருந்தால் அதை ஒரு சிட்டிகை பொடித்துத் தூவியும் பார்க்கலாம், ரோமானியரே மூன்று மடங்குக்கும் மேல் விலை கொடுத்து வாங்கிய பொருள் அது. நாட்டு மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும்.

ஏலக்காய் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்த்தால் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். இதைச் செய்வதில் கடினமான பகுதி அடுப்பு வேலையன்று. இனிப்பைக் கண்டதும் ஏலக்காய் டப்பாவை நோக்கிப் போகும் கையைத் தடுத்து நிறுத்துவதுதான்.

தேனைச் சூடாக்கினால் நஞ்சாகும் என்று சித்த, ஆயுர்வேத மரபுகளின் வழியே நம்புகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களோடு வாதிட நான் வரவில்லை. அவர்களுக்கென்றே அப்பீசியஸ் தொகுப்பில் அடுத்த குறிப்பு இருக்கிறது. நான்கு முட்டை, ஒரு ஹெமினா பால், ஓர் உன்சியா எண்ணெய், அதாவது ஏறத்தாழ 27 கிராம் ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து, மெல்லிய வாணலியில் சிறிது எண்ணெய் காய்ந்ததும் ஊற்றி, ஒரு பக்கம் வெந்தவுடன் தட்டில் கவிழ்த்து, மேலே தேனை ஊற்றி, மிளகு தூவித் தரச் சொல்லுகிறது. தேன் இங்கே அடுப்பையே காண்பதில்லை. முட்டைக்குப் பால் மிகுதி என்பதால் ஆம்லெட் போலப் புரட்ட முயன்றால் கிழியும். சிறிய வாணலியில் இரண்டு பங்காகப் பிரித்து ஊற்றி, மூடி போட்டு, மேற்பரப்பின் ஈரம் வற்றும்வரை சிறுதீயில் விட்டுக் கவிழ்த்தால் மேல்பக்கம் பஞ்சு போல வரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதையும், வெந்ததாயினும் வேகாததாயினும், கொடுக்கக் கூடாது.

மீந்த டிரோபாட்டினாவை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். அடியில் சிறிது நீர் ஊறியிருந்தால் வடித்துவிடுங்கள். மிளகை மட்டும் அப்போதும் புதிதாகவே நுணுக்க வேண்டும்.